சோத்துக்கைதான் சார்

உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, என்ன கேக்க வந்து உக்காந்திருக்கீங்கன்னு. ஷட்டில் ஆடுற சின்னப் பொண்ணு. விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு உழைக்கிற பொண்ணு. எங்க போனாலும் தோத்துட்டு வர்ற பொண்ணு. அப்போ இன்னிக்கு ஜெயிச்சிரும், அதானே? கடைசி பாயிண்ட்ல எல்லாம் மெதுவா நகரும், பந்து அப்படியே… மிதந்து… வரும், பின்னால ஒருத்தன் வயலின் வாசிப்பான், அம்மாக்காரி முந்தானையால வாயப் பொத்திக்குவா, லீவு கிடைக்காத அப்பா கதவத் தள்ளிக்கிட்டு ஓடி வருவாரு, கோச்சு கூலிங் கிளாஸக் கழட்டித் தொடைப்பாரு. சரி, ஜெயிக்கலையா, அதுக்கும் ஒண்ணு வச்சிருப்பீங்க. யாராவது பெரிய மனுஷர் மைக்கத் தட்டிப் பாத்துட்டு, ‘க்கும், வெற்றி தோல்வி முக்கியமில்ல கண்ணுங்களா’ம்பாரு, நீங்களும் தொண்டையக் கனைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போவீங்க. வயலின்காரன நான் வீட்டுக்கு அனுப்பியாச்சு. மைக்கு ரிப்பேரு. அப்பா வரமாட்டாரு, கோவில்பட்டியில டிவி முன்னால உக்காந்திருக்காரு. இங்க இருக்கிறது ஒரு பொம்பள, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பாத்ரூம் போகாம அடக்கி வச்சிருக்கிற ஒரு வயிறு. இத வச்சுத்தான் ஓட்டியாகணும்.

செண்பகவல்லி அசையமாட்டா. அசைஞ்சா போச்சு. ஈரோட்டுல ஏதோ ஒரு பெரிய ஸ்கூலோட இண்டோர் ஹால், மாநில அளவுப் போட்டி, காத்து பட்டா ஷட்டில் காக் திசை மாறிரும்னு கதவு சன்னல் எல்லாத்தையும் சாத்தி, ஃபேன நிறுத்தி, இட்லிக் கொப்பரைக்குள்ள உக்காந்த மாதிரி எல்லா அப்பா அம்மாவும் வெந்துக்கிட்டு இருக்காங்க, வலி ஸ்ப்ரே வாடை, வாழப்பழ வாடை, ஷூ கிறீச் கிறீச்னு தேயுற சத்தம், அஞ்சு கோர்ட்லயும் ஒரே நேரத்துல ‘கமான்’ங்கிற கத்தல், இவ அந்த ஓரத்து நீல நாற்காலிய விட்டு எந்திரிக்கல. ஏன்னா காலையில மொத ரவுண்டுல இதே நாற்காலியில, இதே மாதிரி வலது கால் மேல இடது கால் போட்டு, கைப்பைய மடியில வச்சு உக்காந்திருந்தப்பதான் மக சம்மு ஜெயிச்சா. எதிர்ல ஆடின பொண்ணுக்குப் பாதி ஆட்டத்துல கால் பிசகி, நொண்டிக்கிட்டே வெளிய போயிருச்சு, அது வேற விஷயம். ஜெயிச்சது ஜெயிச்சதுதான். இப்ப ரெண்டாவது ரவுண்டு, ஆளுக்கு ஒரு கேம் எடுத்து மூணாவது ஓடிக்கிட்டு இருக்கு, வலது கால் மரத்துப் போயி தொடைக்குக் கீழ யாரு காலோ மாதிரி கிடக்கு, அடிவயிறு கல்லா இருக்கு, பாத்ரூம் பின்பக்கம் கிட்டத்துலதான், ஒரு நிமிஷம், ஓடிப் போயிட்டு ஓடி வந்துரலாம், அந்த ஒரு நிமிஷத்துல நாலு பாயிண்ட் போயிரும், வேண்டாம், அடக்கு. சம்மு, முழுப் பேரு சம்யுக்தா, பன்னெண்டு வயசு, பின்னல மடிச்சுக் கட்டியிருக்கா, வலது கால் கட்டை விரல்ல பிளாஸ்திரி, ராக்கெட் வலது கையில. வலது கையில. அத ஒரு தடவ பாத்துக்கிட்டா செண்பகவல்லிக்கு மூச்சு ஒழுங்கா வருது. அப்புறம் மறுபடி நின்னு போகுது.

பக்கத்து நாற்காலியில ஒரு ஆளு. நாச்சிமுத்துன்னு உக்காந்ததுமே பேரச் சொல்லிட்டாரு, உடுமலைப்பேட்டை, தேங்காய் மண்டி, எதிர்ல ஆடுற ரக்‌ஷனாவோட அப்பா. வேர்க்கடலைய உரிச்சு உரிச்சு வாய்க்குள்ள வீசிக்கிட்டே இருக்காரு, ஒண்ணு கூட வெளிய விழல, மகளுக்கு அந்தக் குறி இருந்தா எங்க கதை எப்பவோ முடிஞ்சிருக்கும்னு செண்பகவல்லி நெனச்சா. ‘அம்மிணீ! பின்னாடி தள்ளு சாமி! அந்தப் புள்ளைக்கு லெப்ட்டு சைடு வரலே பாரு! அங்கயே போடு!’ ஊருக்கே கேக்குற மாதிரி கத்திட்டு, இவ பக்கம் திரும்பி, குரல இறக்கி, ‘ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, ஆட்டத்துலதான் சத்தம் போடறது, கடலை எடுத்துக்கிறீங்களா’ங்கிறாரு. வேண்டாம்னு தலைய மட்டும் ஆட்டினா. தலைய ஆட்டலாம், காலத்தான் ஆட்டக்கூடாது. லெப்ட்டு சைடு வரலே. நம்ம ஊரு பேரு தெரியாத ஆளுக்கே தெரியுது. ஜெரால்டு சாருக்குத் தெரியாதா? ஜெரால்டு சாரு கோச்சு, இப்ப நாலாவது கோர்ட்டுப் பக்கம் இன்னொரு புள்ளைக்குப் பின்னால சேர் போட்டு உக்காந்திருக்காரு, ஜெயிக்கிற புள்ளைக்கு. இங்க வரலேன்னு கோவமா? கோவமில்ல. எனக்கே ரெண்டு புள்ள இருந்து ஒண்ணு ஜெயிச்சா நான் எங்க உக்காருவேன்? போன மாசம் கோவில்பட்டி கோர்ட் வாசல்ல வச்சு, கழுத்து விசில எடுத்து விரல்ல ஒரு சுத்து சுத்துனாரு. ‘மேடம், உழைப்புன்னா என் பேட்ச்ல உங்க பொண்ணுதான் மேடம். எனக்கு முந்தி வந்து பூட்டுக்கிட்ட நிக்கிறா. ஓடச் சொன்னா நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஓடுறா. இந்த மாதிரி ஒரு புள்ளைய நான் பாத்ததே இல்ல மேடம்.’ விசில் இன்னொரு சுத்து. ‘ஆனா…’ அந்த ‘ஆனா’வ அவரு வச்ச இடம் இருக்கே, நல்ல புரோகிதர் தாலி கட்டுற நேரத்துக்குக் கைய தூக்குற மாதிரி, அப்படி ஒரு இடம். ‘ஈரோட்டுல ரெண்டாவது ரவுண்டு தாண்டட்டும் மேடம். தாண்டலேன்னா மார்னிங் பேட்ச் வேண்டாம். ஈவ்னிங் வரட்டும். ஹெல்த்துக்கு ஆடட்டும்.’ சம்மு பக்கத்துலதான் குனிஞ்சு லேஸ் கட்டிக்கிட்டு இருந்தா. கட்டுனா, அவுத்தா, மறுபடி கட்டுனா. வீட்டுக்கு வர்ற வழியில, தெரு முக்குல வந்துதான் கேட்டா, ‘அம்மா, ஹெல்த்துக்குன்னா எல்லாரும் நம்மளப் பாத்து பாவம்னு சொல்றதா?’ அதுக்கு நான் என்ன சொன்னேன்? ‘வாட்டி, ராகிக் கஞ்சி ஆறிரும்’னேன். அன்னிக்கு ராத்திரி பீரோ கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு வெறுங்கைய வீசிக்கிட்டே இருந்தா, வீசிக்கிட்டே இருந்தா, வலது கைய, வலது கைய மட்டும், தோள்பட்ட எலும்பு டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டது.

பதினொண்ணுக்கு எட்டுன்னு அந்தப் பொண்ணு முன்னால இருக்கும்போது இடைவேளை. ரெண்டு பேரும் பக்கம் மாறணும், தண்ணி குடிக்கலாம். சம்மு இப்ப இந்தப் பக்கம் வந்துட்டா, நாற்காலிக்கு நேர் எதிர்ல, அவ கழுத்துல ஓடுற வேர்வை கூடத் தெரியுது. ஏட்டி, குளுக்கோஸ் குடி, மொத்தமா குடிக்காத, நனைச்சுக்கோ. வாயத் தொறந்து சொல்லல, கண்ணாலயே சொன்னா. அப்பத்தான் மடியில ஃபோன் உறுமுது. கோமதிநாயகம். புருஷன். எடுக்காட்டி நூறு தடவ அடிப்பாரு. ‘ஏ செண்பகம்! என்ன இப்படி ஆடுதா? நெட்டுக்குக் கிட்ட வரச் சொல்லு! யூடியூப்ல லைவ் போடுதானுவள்லா, பெரிய டிவில போட்டு எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம். பேச்சியும் வந்திருக்கா. டிபன் கூட சாப்பிடாம சம்மு ஆட்டத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்புன்னு முடிவு பண்ணியாச்சு, சொல்லவே மறந்துட்டேன் பாரு.’ பின்னாலயே பேச்சித்தாய் குரலு, கொஞ்சம் மூச்சு வாங்குது, ஏழாம் மாசம், ‘மதினி, சம்முவ பயப்படாம ஆடச் சொல்லுங்க மதினி.’ வச்சிட்டா. நடுவர் மேசைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டாண்டுல ஃபோன் ஒண்ணு நிக்குது, ஒத்தக் கண்ணோட கோர்ட்டையே பாத்துக்கிட்டு. இத்தன நேரம் அது இருந்ததே இவளுக்குத் தெரியல. இப்ப அது மட்டும்தான் தெரியுது. அதுக்குள்ள பேச்சி உக்காந்திருக்கா. நாத்தனார் பேச்சித்தாய், எட்டு வருஷம் கழிச்சு வயித்தத் தள்ளிக்கிட்டு, தலகாணிய முதுகுக்கு வச்சு, சம்முவோட கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. கைய இல்ல. ஆட்டத்த. ஆட்டத்தப் பாக்குறா. ஆட்டத்தத்தான்.

நெனைக்கக் கூடாதுன்னா நெனைக்காம இருக்க மனசு என்ன குழாயா, திருகி மூட? சந்தன வாசம் வந்துருச்சு. இந்த வலி ஸ்ப்ரேக்கு நடுவுல எங்கயிருந்து சந்தனம்? அன்னிக்கும் பேச்சிக்குத்தான் வளைகாப்பு. மொதப் புள்ள. மனையில உக்கார வச்சு ஒவ்வொருத்தியா வந்து கன்னத்துல சந்தனம் பூசி, நெத்தியில குங்குமம் வச்சு, வளையல் போட்டு விடுறாங்க, நாலு வயசுச் சம்மு, பச்சைப் பாவாடை, ‘நானும் நானும் நானும்’னு குதிக்குது, யாரு சொன்னா கேக்குது, கூட்டத்துல கீழ குனிஞ்சு புகுந்து, கிண்ணத்துல கைய முக்கி, பேச்சி கன்னத்துல அப்பிருச்சு. அப்பின கை இடது கை. புள்ளைக்கு எல்லாமே இடது கைதான், ஸ்பூனு, பென்சிலு, கல்லெடுத்து எறியுறது, எல்லாம். நானும் விட்டு வச்சிருந்தேன், அழகாத்தான இருந்துச்சு. கோமதி அத்தை, புருஷன் வீட்டுச் சொந்தம், அந்தப் பொம்பளைக்கு வாயி, ‘அடியாத்தீ, பீச்சாங்கையால சந்தனத்த வச்சிட்டாளே!’ன்னுச்சு, எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க, பேச்சியும் சிரிச்சா, பேச்சிதான் ரொம்பச் சிரிச்சா, கன்னத்துல அஞ்சு விரலும் தெரியுது, ஃபோட்டோ கூட இருக்கு. எட்டாம் மாசம் ஒரு நாள் காலையில வயித்துக்குள்ள அசைவு இல்லேன்னு பேச்சி சொன்னா. ஆஸ்பத்திரி வராந்தாவுல எல்லாரும் நிக்கிறோம். யாரும் சிரிக்கல. நர்ஸு வந்து இல்லேன்னு தலையாட்டிட்டுப் போயிட்டா. கோமதி அத்தை மட்டும், சும்மா, ஒண்ணும் சொல்லாம, தரையில உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்த சம்முவப் பாத்துச்சு. எந்தக் கையில பிஸ்கட் இருந்துச்சோ அந்தக் கையப் பாத்துச்சு. சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். மயிரப் பிடிச்சிருப்பேன். சொல்லலையே. பாத்துச்சு, அவ்வளவுதான். அதுக்கு என்னத்தச் சண்ட போட. டாக்டர் என்னமோ சொன்னாங்க, கொடி சுத்திருச்சுன்னாங்க, எனக்குத் தெரியாதா, நான் என்ன படிக்காதவளா, பி.காம், கொடி சுத்துனதுக்கும் புள்ள கைக்கும் என்ன. ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல. மறுநாள் காலையில இருந்து சம்முவுக்குச் சோறு போடும்போது இடது கையில ஒரு டம்ளரக் குடுத்து, ‘இத கீழ வைக்காமப் பிடிச்சுக்கோ கண்ணு, இந்தக் கைக்கு இதான் வேலை’ன்னேன். பிடிச்சுக்கிட்டா. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தா. எழுதும்போது அழிரப்பர். பல்லு தேய்க்கும்போது குழாய். அழுதிருந்தா விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன். ஒரு நாளாவது தூக்கி எறிஞ்சிருந்தா, மாட்டேன் போன்னு சொல்லியிருந்தா. சொல்லவே இல்ல. அம்மா சந்தோஷப்படுறான்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு. அப்பவே உழைக்கிற புள்ள. ஆறு மாசத்துல ஊருல எவளும் அவ கையப் பாக்க வேண்டிய தேவையில்லாமப் போச்சு, நான் நிம்மதியாத் தூங்குனேன். கோர்ட்டுல சேத்த அன்னிக்கு ஜெரால்டு சார் ராக்கெட்ட நீட்டி, ‘எந்தக் கைம்மா?’ன்னாரு. சம்மு என்னப் பாத்தா. ‘சோத்துக்கைதான் சார்’னேன் நான். அவ வலது கைய நீட்டி வாங்கிக்கிட்டா.

காக் மேல போயிருச்சு. ரக்‌ஷனா தூக்கி அடிச்சது, சம்முவோட இடது பக்க மூலைக்கு, கடைசிக் கோட்டுக்கு, உடுமலைக்காரரு ‘அங்கதான் சாமி!’ன்னு பாதி எந்திரிச்சிட்டாரு, சம்மு பின்னாலயே போறா, வழக்கமா அந்த இடத்துல முதுகக் காட்டித் திரும்பி தப்பும் தவறுமா ஒரு தட்டு தட்டுவா, அது நெட்டுலதான் விழும், போச்சு, இன்னொண்ணு போச்சு, அடிவயிறு இழுக்குது, அப்போ. ராக்கெட் கை மாறுச்சு. எப்ப மாறுச்சுன்னு தெரியல. காத்துலயே மாறுச்சு. இடது கை மேல போயி, உடம்பு முழுக்க ஒரு வில்லு மாதிரி வளைஞ்சு, டப்புன்னு ஒரு சத்தம், இந்த ஹால்ல காலையில இருந்து கேக்காத சத்தம், காக் எதிர்க் கோர்ட்டுல போயி தரையில குத்தி நின்ன பிறகுதான் ரக்‌ஷனா கால எடுத்து வைக்குது. அப்புறம் யாரோ பின்னால ‘யப்பா’ன்னாங்க. நாச்சிமுத்து நடுவரப் பாத்து, ‘ஏனுங் தம்பி, ஆட்டத்துல கைய மாத்தறாங்களே, இது ரூல்ஸ்ல இருக்குதுங்களா?’ காலேஜ் பையன் மாதிரி இருக்கிற நடுவர் சிரிச்சுக்கிட்டே, ‘ரெண்டு கைக்கும் அவங்கதான் சார் ஓனர்.’ எல்லாரும் சிரிச்சாங்க. சம்மு சிரிக்கல. சம்மு திரும்பி அம்மாவப் பாத்தா. என் மூஞ்சி எப்படி இருந்துச்சு அப்போ? தெரியலையே. என் மூஞ்சி எனக்கு எப்படித் தெரியும். பெருமையாத்தான இருந்திருக்கணும், உள்ளுக்குள்ள ஏதோ துள்ளிச்சே, துள்ளுன அதே நொடியில கண்ணு அந்த ஸ்டாண்டுல நிக்கிற ஃபோனுக்குல்ல போயிருச்சு. பேச்சி பாத்திருப்பா. பெரிய டிவி. வயித்து மேல கைய வச்சுக்கிட்டுப் பாத்திருப்பா. சம்மு ராக்கெட்ட வலது கைக்கு மாத்திக்கிட்டா, கைப்பிடியில இருந்த வேர்வைய டவுசர்ல தொடைச்சுக்கிட்டா, குனிஞ்சா. அடுத்த பாயிண்ட் நெட்டு. அதுக்கடுத்தது அவுட்டு.

மாடியில ஒரு நாள். இத எதுக்கு இப்ப. ஈரத் துணி வாளியோட மேல ஏறி வர்றேன், தண்ணித் தொட்டிச் செவுத்துல டொப்பு டொப்புன்னு சத்தம், சம்மு பழைய பிளாஸ்டிக் காக்க அடிச்சுக்கிட்டு இருக்கா, யாருமே இல்லாம, தானாச் சிரிச்சுக்கிட்டு, செவுத்துக்கிட்ட ஏதோ பேசிக்கிட்டு, ‘எப்பூடி? எப்பூடி?’ன்னு, அந்தச் சிரிப்ப கோர்ட்டுல நான் பாத்ததே இல்ல. இடது கை. வாளி செவுத்துல இடிச்ச சத்தம் கேட்டுத் திரும்பினா. ராக்கெட்ட வலது கைக்குக் கொண்டு போனா, அடிச்சா, காக் தொட்டிக்கு மேல போயி அடுத்த வீட்டுல விழுந்துச்சு. ‘காயப்போட கிளிப்ப மறந்துட்டேன்’னு சொல்லிட்டுக் கீழ இறங்கிட்டேன். கிளிப்பு வாளியிலதான் கிடந்துச்சு. இந்தா, கோர்ட்டுல மறுபடி மேல தூக்குறா அந்தப் பொண்ணு, இடது மூலை, போகாத, அந்தக் கைக்குப் போகாத, போ, ஐயோ போ, போயி அடி, மாறிருச்சு, டப்பு. பாயிண்ட். நாச்சிமுத்து கடலைய வாய்க்குக் கொண்டு போன கைய அங்கயே வச்சிருக்காரு. சம்மு பாக்குறா. சிரி செண்பகவல்லி. புள்ள பாக்குது, சிரி. சிரிச்சா. பல்லு தெரியுது, பல்ல வச்சா சிரிப்பா, கடைக்காரன் மீதிச் சில்லற இல்லேன்னு சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு, புள்ளைக்குத் தெரியாதா, பன்னெண்டு வருஷமா இந்த மூஞ்சியத்தான படிக்குது, ஸ்கூல் புஸ்தகத்த விட இதத்தான் நல்லாப் படிச்சிருக்கு. கை மாறுது. வலது. நெட்டு. சரி, நான் பாக்கலப்பா, கீழ குனிஞ்சுக்கிறேன், கைப்பை ஜிப்பப் பாத்துக்கிட்டு இருக்கேன், நீ உன் இஷ்டத்துக்கு ஆடு. ஷூ சத்தம், டப்பு, கை தட்டுறாங்க, அந்த டப்புதான், எந்தக் கைன்னு சத்தத்துலயே தெரியுது, அப்புறம் ஒரு அமைதி, ரொம்ப நேரம் அமைதி, என்ன ஆச்சுன்னு தல தூக்குனா சம்மு அங்கயே நிக்கிறா, இவளப் பாத்துக்கிட்டு, அம்மா ஏன் குனிஞ்சுக்கிட்டா, அம்மா அழுவுறாளான்னு பாத்துக்கிட்டு. நடுவர் ‘ப்ளே’ங்கிறாரு. வலது கை. அவுட்டு.

பத்தொம்பதுக்குப் பதினெட்டு. எப்படி இவ்வளவு கிட்ட வந்தா? எண்ணிப் பாக்க வேண்டாம், எல்லாம் அந்தக் கையில வந்தது. நாலாவது கோர்ட்டுல இருந்து ஜெரால்டு சார் சேரோட திரும்பிட்டாரு, விசில் விரல்ல சுத்தாம நிக்குது. இன்னும் மூணு பாயிண்ட் எடுத்தாப் போதும், ஹெல்த்து இல்ல, மார்னிங் பேட்ச், விடியறதுக்கு முந்தி பூட்டுக்கிட்ட போயி நிக்கலாம், கோவில்பட்டியில செண்பகவல்லி அம்மனுக்குப் புடவ சாத்துறேன், தாயே, உன் பேரத்தான எனக்கு வச்சாங்க, இந்த ஒரு தடவ. எந்தக் கையில கேக்குற? தாயேன்னு கும்பிடுறியே, எந்தக் கையில ஜெயிக்க வைக்கச் சொல்ற, தெளிவாச் சொல்லுன்னு அம்மன் கேட்டா என்ன சொல்லுவ? அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சி மனையில உக்காந்திருப்பா. கோமதி அத்தை வரும். சம்மு இப்ப பெரியவ, அவளா ஒதுங்கித்தான் நிப்பா, சந்தனக் கிண்ணத்துக்கிட்டயே வரமாட்டா, எனக்குத் தெரியும், நான் சொல்லவே வேண்டாம், கதவு ஓரத்துல ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நிப்பா. பேச்சி கூப்பிட்டா? ‘சம்மு வா, வந்து வை’ன்னு பேச்சி கூப்பிட்டான்னா? அவ கூப்பிடுவா, அவ அப்படித்தான், அன்னிக்கும் அவதான ரொம்பச் சிரிச்சா. ஃபோன் மடியில உறுமுது. எடுக்கல. உறுமட்டும். பேச்சி என்ன சொல்றாளோ. நல்லா ஆடுறான்னு சொல்றாளோ. ஒண்ணும் சொல்லாமப் பாத்துக்கிட்டு இருக்காளோ. மரத்துப் போன கால்ல இப்ப ஊசி குத்துற மாதிரி உயிர் வருது, அசையாத, அசைஞ்சா போச்சு, இத்தன நேரம் நான் பிடிச்சு வச்சதுலதான் இந்தப் பதினெட்டு வந்திருக்கு, நான் இந்த நாற்காலியில ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கப் போயித்தான் புள்ள இன்னும் நிக்குது, அதுக்கு வேற யாரு இருக்கா இங்க, கோச்சு அந்தப் பக்கம், அப்பன் டிவியில, நான்தான், நான் எந்திரிச்சா அது திரும்பிப் பாக்கும்போது யாரு இருப்பா.

ரக்‌ஷனா சர்வீஸ். வருது, போகுது, வருது, இவ்வளவு நீளமா ஒரு பாயிண்ட் காலையில இருந்து யாரும் ஆடல, மத்த கோர்ட்டுக்காரங்க கூட கழுத்தத் திருப்பிட்டாங்க, மேல தூக்கியாச்சு, இடது மூலை, சம்மு போறா, கை மாறுது, டப்பு. பத்தொம்பது பத்தொம்பது. ஹாலே கை தட்டுது. ரக்‌ஷனா கூட ராக்கெட்டத் தட்டுது, நல்ல புள்ள. சம்மு மூஞ்சியில அது, அந்த மாடிச் சிரிப்பு, பாதி வந்துருச்சு, உதட்டு ஓரத்துல, ‘எப்பூடி’ன்னு கேக்குற மாதிரி, அதோடயே இந்தப் பக்கம் திரும்பினா. செண்பகவல்லி கண்ணு ஃபோன் ஸ்டாண்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? கண்ணு மூடித் தொறக்குற நேரம். சிரிப்பு போயிருச்சு. இடது கைய விட்டு வலது கைக்கு ராக்கெட்ட, யாரோ குடுத்து வாங்குற மாதிரி, மெதுவா, மரியாதையா மாத்திக்கிட்டா. சர்வீஸ் போட காக்கக் கையில எடுத்தா. நடுவர் வாயத் தொறக்கல இன்னும், கை தட்டல் அப்படியே அடங்கி, எல்லாக் கோர்ட்லயும் ஒரே நேரத்துல ஆட்டம் நின்னு, ஒரு ஷூ கூடத் தேயாம, அந்த மாதிரி ஒரு அமைதி எப்பவாவது விழும் பாருங்க, அது விழுந்துச்சு. அதுல நாச்சிமுத்து மடியில இருந்த கடலைத் தோல் எல்லாம் கீழ கொட்ட எந்திரிச்சு நின்னாரு. மெதுவாச் சொல்றதா நெனச்சுக்கிட்டுத்தான் சொல்லியிருப்பாரு, மனுஷனுக்கு மெதுவா வராது, கோர்ட்டுல இருக்கிற ரெண்டு பொண்ணுங்களுக்கும் கேட்டுச்சு:

‘ஏனுங்க, எம் புள்ள தோத்தாலும் தோக்கட்டுமுங்க, என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியல. அந்தக் கையில அடிக்குது, ஜெயிக்குது, உங்க மூஞ்சியப் பாக்குது, கைய மாத்திக்குது. நீங்க இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அந்தப் புள்ள ஜெயிக்காதுங்க. எந்திரிச்சு வெளிய போங்கம்மா.’